நெக்ஸ்ட் பட்டன் பாடம் நடத்தாது!

"பாடம் முழுவதும் முடிந்தது. வாழ்த்துகள்! நீங்கள் பெற்ற மதிப்பெண்: 100%."

கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் இப்படி ஒரு வாசகம் வரும். அதைச் சுற்றி வண்ணக் காகிதங்கள் பறக்கும். ஓரத்தில் ஒரு பச்சைக் கிளி கைதட்டும். கிளி எப்படிக் கைதட்டும் என்கிறீர்களா? அந்த சி.டி.யைத் தயாரித்தவனே நான்தான். எனக்கும் இன்று வரை பதில் தெரியாது.

2006-ஆம் ஆண்டு நடந்த கதை இது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வந்தேன். ஆறு கம்ப்யூட்டர்கள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அடிக்கடி அலறும் ஒரு யு.பி.எஸ். இவ்வளவுதான் சொத்து. 2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் வாட் வரி வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். மளிகைக் கடை, உரக்கடை, இரும்புக் கடை என்று எல்லோரும் பேரேட்டை மூடிவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறிக் கொண்டிருந்தார்கள். டேலி தெரிந்த பிள்ளைகளுக்கு நல்ல கிராக்கி. என் சென்டரில் மாலை நேர பேட்சுக்கு இடம் போதவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாடங்களை எல்லாம் மல்டிமீடியா சி.டி.யாகப் போட்டுவிட்டால் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து படித்துக் கொள்வார்களே! ஃப்ளாஷ் 8 சாஃப்ட்வேரை வைத்துக் கொண்டு நான்கு மாதம் ராத்தூக்கம் கெட்டு 40 பாடங்கள் தயாரித்தேன். சுழலும் ரூபாய் நாணயம், பறந்து வரும் தலைப்பு, பின்னணியில் வீணை இசை, ஸ்கிரீனில் உள்ள வரிகளை அப்படியே வாசிக்கும் கிளி. பார்த்தவர்கள் எல்லாம் "பிரமாதம்" என்றார்கள்.

ஒரு கட்டு பில்

முதல் பேட்சில் ஒரு பெண் சேர்ந்தார். பிளஸ் டூ முடித்தவர். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஃபீஸை மூன்று தவணையாகக் கட்டினார்கள். அந்தப் பெண் மூன்றே வாரத்தில் 40 பாடங்களையும் முடித்து 100% வாங்கினார். சி.டி.யிலிருந்தே பிரின்ட் ஆகும் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டு ஒரு மொத்த மளிகைக் கடைக்கு வேலை கேட்டுப் போனார். மறுநாள் திரும்பி வந்தார்.

"என்னம்மா, வேலை கிடைச்சுதா?"

"இல்ல சார். ஒரு கட்டு பில்லைக் குடுத்து என்ட்ரி போடச் சொன்னாங்க. முதல் பில்லே, நாம அனுப்புன சரக்குல ரெண்டு மூட்டை திரும்பி வந்திருக்கு. அதை எதுல போடுறதுன்னு தெரியல சார்."

"வவுச்சர் பாடம் படிச்சியே?"

"எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். எல்லாம் மனப்பாடமாத் தெரியும் சார். ஆனா இந்த பில்லு எதுல போகும்னு தெரியல. உங்க சி.டி.ல பில்லே வரலையே சார்."

குறை சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக் கொண்டு நின்றார்.

அன்று இரவு என் சி.டி.யை நானே ஒரு மாணவனைப் போல் ஓட்டிப் பார்த்தேன். 40 பாடங்களிலும் படிப்பவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: நெக்ஸ்ட் பட்டனை அழுத்துவது. கடைசியில் வரும் தேர்வில் "பேமென்ட் வவுச்சருக்கு எந்த கீ?" என்பது போன்ற கேள்விகள். தவறாகச் சொன்னால் "மீண்டும் முயலவும்" என்று வரும். நான்கு விடைகளையும் வரிசையாக கிளிக் செய்தால் எப்படியும் ஒன்று சரியாகிவிடும். அதாவது, என் தேர்வை எழுதுகிற எல்லோருக்கும் 100% கிடைக்கும்! கம்ப்யூட்டரே தெரியாதவர் எழுதினாலும் கிடைக்கும்.

மூன்று தவணை ஃபீஸ் வாங்கிக் கொண்டு நான் கொடுத்தது இதைத்தான்.

மறுபடியும் மாணவன் ஆனேன்

2008-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் தபால் வழிப் படிப்பில் கல்வித் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தேன். பிறகு இ-லேர்னிங் வடிவமைப்புக்கென்று தனியாக ஒரு கோர்ஸ். புதிய சாஃப்ட்வேர்கள் பற்றிச் சொல்லித் தருவார்கள் என்ற எண்ணத்தில்தான் போனேன். முதல் ஆறு மாதம் சாஃப்ட்வேர் பெயரே காதில் விழவில்லை. மனிதன் எப்படிக் கற்கிறான் என்பதுதான் பாடம். அங்கே நான் கற்றவற்றில் வீட்டில் கம்ப்யூட்டரும் குழந்தைகளும் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படக் கூடியவற்றை இங்கே தருகிறேன்.

1. முடிவிலிருந்து தொடங்குங்கள்

"டேலி வவுச்சர்களைப் பற்றி அறிந்து கொள்ளுதல்." என் சி.டி.யில் அந்தப் பாடத்தின் நோக்கம் என்று இதைத்தான் எழுதியிருந்தேன். அறிந்து கொண்டாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது.

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1962-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். பாடத்தின் நோக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். படித்தவர் என்ன செய்வார்? எந்தச் சூழ்நிலையில் செய்வார்? எவ்வளவு சரியாகச் செய்வார்? இதன்படி என் நோக்கத்தைத் திருத்தி எழுதினேன்: "20 பில்கள் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்தால், யாரையும் கேட்காமல், ஒரு மணி நேரத்தில், ஒவ்வொன்றையும் சரியான வவுச்சரில் பதிவு செய்வார்."

எழுதி முடித்ததும்தான் உறைத்தது. மளிகைக் கடை முதலாளி வைத்தது இதே தேர்வைத்தான். மேகர் பெயரைக் கேள்விப்படாத அவர், என்னை விட நல்ல தேர்வை வைத்திருக்கிறார்!

பாடம் தயாரிக்கும் வேலைக்கு ஆய்வு, வடிவமைப்பு, தயாரிப்பு, நடைமுறை, மதிப்பீடு என்று ஐந்து படிகள் உண்டு. ஆங்கிலத்தில் இந்த ஐந்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆடி' என்பார்கள். 1975-ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. நான் செய்தது என்ன? முதல் இரண்டு படிகளையும் தாண்டிக் குதித்து நேராக ஃப்ளாஷ் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் ஒரு கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருந்தால் நான்கு மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

2. மூளையின் ராம் மிகவும் சிறியது

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் பெரியதாக இருந்தாலும், ராம் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? நான்கு புரோகிராம்களைத் திறந்ததும் திணறும். நம் மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிலையான நினைவுக்கு எல்லை தெரியவில்லை. ஆனால், ஒரு நேரத்தில் மனதில் வைத்து வேலை செய்யும் நினைவு மிகவும் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதன் அளவு ஏறத்தாழ ஏழு விஷயங்கள் என்றார். நெல்சன் கோவன் 2001-ல் அதையும் குறைத்து, நான்கு என்றார்.

இந்த அடிப்படையில் ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் 'அறிவுச் சுமை' என்ற கருத்தை முன்வைத்தார். புதிதாகப் படிப்பவரிடம் எடுத்த எடுப்பில் கணக்கைக் கொடுத்து "போடு" என்றால், விடை தேடுவதிலேயே அந்தச் சிறிய ராம் நிரம்பிவிடும். கற்பதற்கு இடம் இருக்காது. ஆகவே முதலில் முழுவதும் செய்து காட்டிய உதாரணம். அடுத்து, பாதி செய்த உதாரணம். மீதியை அவர் முடிக்க வேண்டும். அதன் பிறகே முழுக் கணக்கு.

என் சி.டி.யின் மூன்றாம் பாடத்தில் லெட்ஜர், குரூப், வவுச்சர் மூன்றையும் ஒரே மூச்சில் விளக்கியிருந்தேன். எனக்கு அவை பழகியவை என்பதால் சுமை தெரியவில்லை. தெரிந்தவருக்கு எளிதாகத் தோன்றுவது புதியவருக்கும் எளிதாக இருக்கும் என்று நினைப்பது, சொல்லித் தருகிற எல்லோரும் செய்கிற தவறு. வீட்டில் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது "இது கூடவா தெரியலை?" என்று கோபம் வருகிறதே, அதுவும் இதே தவறுதான்.

3. கிளியை விரட்டுங்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர், படமும் சொல்லும் சேர்ந்த பாடங்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை நடத்தியவர். அவர் கண்டறிந்தவற்றைப் படித்தபோது, என் சி.டி.யைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போலவே இருந்தது. சில முக்கியமான விதிகள் இதோ:

பாடத்துக்குத் தொடர்பில்லாத படம், இசை, சுவாரஸ்யமான துணுக்கு எல்லாம் கற்பதைக் குறைக்கின்றன. என் வீணை இசையும் சுழலும் நாணயமும் இந்த வகை.

படத்தை விளக்கும் குரல் இருக்கும்போது அதே வரிகளை ஸ்கிரீனிலும் முழுதாகப் போடக் கூடாது. கண் வரியைப் படிக்கும், காது குரலைக் கேட்கும், படத்தைப் பார்க்க ஆளிருக்காது. வரிக்கு வரி வாசித்த என் கிளி இங்கே அவுட்!

படத்துக்கான விளக்கம் படத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலே படம், கீழே விளக்கம் என்று பிரித்தால் கண் ஏறி இறங்கியே களைத்துவிடும்.

பேச்சு நடை நல்லது. "பயனர் விசையை அழுத்துதல் வேண்டும்" என்பதை விட "இப்போது எஃப்8-ஐ அழுத்துங்கள்" என்பது மனதில் நிற்கும்.

இந்த விதிகளுக்கு விலக்கும் உண்டு. பாடம் படிப்பவருக்கு அதிகம் பழகாத மொழியில் இருந்தால் ஸ்கிரீனில் எழுத்து உதவும். புதிய கலைச்சொற்களை எழுதிக் காட்டுவதும் நல்லதே. நம் பிள்ளைகள் ஆங்கில வீடியோ பார்க்கும்போது சப்டைட்டில் வேண்டும் என்று கேட்டால் போட்டுவிடுங்கள்.

4. கேள்வி கேட்பதும் பாடம்தான்

தேர்வு என்றால் படித்ததை அளக்கும் கருவி என்று நினைத்திருந்தேன். தேர்வு எழுதுவதே படிப்பு என்று காட்டினார்கள் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள். 2006-ல் வெளியான அவர்களின் சோதனை மிகவும் எளிமையானது. மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, அதையே திரும்பப் படிப்பது ஒரு வழி. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது இன்னொரு வழி. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரிகிறது" என்று ஒரு நிம்மதி வருமே, அதை நம்ப வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். 100% வாங்கிய அந்தப் பெண்ணுக்கும் அந்த நிம்மதி இருந்தது. எனக்கும் இருந்தது.

இன்னொன்று, இடைவெளி. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதி வைத்தார். ஒரே நாளில் ஐந்து முறை படிப்பதை விட, சில நாட்கள் இடைவெளி விட்டு ஐந்து முறை கேட்டுப் பார்ப்பது நிலைக்கும். இதற்கென்றே 'ஆன்கி' என்ற புரோகிராம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று அட்டைகள் தயாரித்தால், தெரியாத அட்டையை அடிக்கடியும் தெரிந்ததை எப்போதாவதும் எடுத்துக் காட்டும். தமிழிலும் அட்டை எழுதலாம்.

5. தவறான விடைகளைச் சேகரியுங்கள்

பழைய சி.டி.யில் தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தேன். படித்த பிறகு வேறு வேலை செய்தேன். என் சென்டர் கம்ப்யூட்டர்களில் மாணவர்கள் போட்டிருந்த பழைய என்ட்ரிகளைத் தோண்டி, என்னென்ன தவறுகள் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஆச்சரியம் என்னவென்றால், யாரும் கண்டபடி தவறு செய்யவில்லை. ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது.

விற்ற சரக்கு திரும்பி வந்தால் பலர் பர்ச்சேஸில் போட்டார்கள். ஏன்? சரக்கு கடைக்குள் வருகிறது. உள்ளே வந்தால் பர்ச்சேஸ் என்று நினைத்தார்கள். கடைப் பணத்தை பேங்கில் கட்டினால் பேமென்டில் போட்டார்கள். ஏன்? பணம் கையை விட்டுப் போகிறதே!

இந்தத் தவறுகளையே புதிய பாடத்தில் விடைகளாக வைத்தேன். ஒருவர் பர்ச்சேஸ் என்று கிளிக் செய்தால் "தவறு" என்று மணி அடிக்காது. "சரக்கு உள்ளே வந்தது சரி. ஆனால் நாம் புதிதாக வாங்கினோமா? நாம் விற்றதுதானே திரும்பி வந்தது? அப்படியானால் அந்த வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டிய பாக்கி குறையுமா, கூடுமா?" என்று கேட்கும். அதை யோசித்தால் கிரெடிட் நோட் என்ற விடைக்கு அவரே வந்துவிடுவார். அதேபோல் பேங்கில் கட்டிய பணம்: "பணம் வெளி ஆளுக்குப் போனதா, நம்முடைய ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதா?" விடை கான்ட்ரா, எஃப்4.

40 பாடங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு 12 பாடங்கள் மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பில்லில் தொடங்கும். சி.டி.யுடன் ஒரு காக்கிக் கவர். அதற்குள் பெயர்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்த பில்கள். உண்மையில் அந்தக் கவர்தான் பாடம். சி.டி. அதற்குத் துணை.

6. கண்ணால் படிப்பவரா, காதால் படிப்பவரா?

"என் பையன் பார்த்தால்தான் படிப்பான், கேட்டால் ஏறாது" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பியிருந்தேன். ஆளுக்கொரு கற்கும் பாணி உண்டு, அதற்கேற்ப நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மற்ற ஆய்வாளர்களும் 2008-ல் அலசிச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பிடித்த முறை என்பது வேறு, பலன் தரும் முறை என்பது வேறு. வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் படிக்க வேண்டும். உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான் படிக்க வேண்டும். பாடம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள்.

7. மெஷின் மாறும்

பள்ளிக்கூடத்தில் புத்தகங்களின் காலம் முடியப் போகிறது, இனி சினிமாதான் பாடம் நடத்தும் என்று 1913-லேயே எடிசன் சொன்னார். 1960-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் வழிப் பாடத்தைத் தொடங்கினார். நம் ஊரில் 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப், 2018-ல் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு, 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. ஒவ்வொன்றும் வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே என்ன கற்றோம் என்பது பாடத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது. சரக்கு கொண்டு வரும் லாரியால் சரக்கின் சத்து கூடுவதில்லை என்ற பொருளில் ரிச்சர்ட் கிளார்க் 1983-ல் எழுதினார். இதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. ஆனாலும் புதுக் கருவி எது வந்தாலும் இந்த லாரி என் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

லாரி பழையதாகும் என்பதையும் அனுபவத்தில் கண்டேன். ஃப்ளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. பிரவுசரில் திறக்கும்படி நான் செய்திருந்த பாடங்கள் அதோடு காலி. புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் சி.டி. டிரைவே கிடையாது. போகட்டும், பாடத்தின் எழுத்து வடிவமாவது இருக்கிறதே என்று ஃபைலைத் திறந்தால் எல்லாம் கிறுக்கல்! 2006-ல் தமிழுக்கு ஆளுக்கொரு ஃபான்ட் வைத்திருந்தோம் இல்லையா? நான் பயன்படுத்திய ஃபான்ட் இப்போது கிடைக்கவில்லை. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பே நான் மாறியிருக்க வேண்டும்.

தப்பியது என்ன தெரியுமா? தவறான என்ட்ரிகளைக் குறித்து வைத்த அந்த நோட்டும், காக்கிக் கவரும்தான். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது பில்களை மட்டும் மாற்றினேன். கேள்விகள் அப்படியே பொருந்தின.

நீங்களும் செய்யலாம்

வீட்டில் பிள்ளைக்கோ, கடையில் புதிதாகச் சேர்ந்தவருக்கோ ஒரு பாடம் தயாரிக்க ஆசையா? பவர்பாயிண்ட் போதும்.

முதல் ஸ்லைடில் ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். ஒரு பில்லின் போட்டோவாக இருக்கலாம், ஒரு கணக்காக இருக்கலாம். அதன் கீழே மூன்று கட்டங்கள் வரைந்து மூன்று விடைகளை எழுதுங்கள். ஒன்று சரி. மற்ற இரண்டும், உங்கள் மாணவர் உண்மையிலேயே செய்யக் கூடிய தவறுகள்.

விடைக்கு ஒன்றாக மூன்று ஸ்லைடுகள் தயாரியுங்கள். தவறான விடைக்கான ஸ்லைடில் ஏன் அப்படித் தோன்றியிருக்கும் என்று ஒரு வரி, யோசிக்க ஒரு கேள்வி, திரும்பிப் போக ஒரு பட்டன்.

ஒரு கட்டத்தை செலக்ட் செய்து கன்ட்ரோல், கே கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் விண்டோவில் 'பிளேஸ் இன் திஸ் டாகுமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய ஸ்லைடைக் கிளிக் செய்யுங்கள். மூன்று கட்டங்களுக்கும் திரும்பும் பட்டனுக்கும் இப்படியே செய்யுங்கள்.

கடைசியாக, ஸ்லைடு ஷோ மெனுவில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' சென்று 'பிரவுஸ்டு அட் எ கியோஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் முக்கியம். இனி சும்மா கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடு வராது. விடையை யோசித்துக் கட்டத்தைத் தொட்டால்தான் நகரும். நெக்ஸ்ட் பட்டனுக்கு விடுமுறை!

குரல் சேர்க்க 'ஆடாசிட்டி', ஸ்கிரீனை வீடியோவாக எடுக்க 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' இரண்டும் இலவசம். பல பேருக்கு இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்தப் போகிறீர்கள் என்றால் 'மூடுல்' இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. சாஃப்ட்வேருக்குக் காசு இல்லை. வைப்பதற்கு ஒரு சர்வர் வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் முன்

அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வேலை கிடைக்காமல் வந்த அந்த வாரமே நான் தெரிந்த கடையில் ஒரு கட்டு பழைய பில் வாங்கி வந்து, கூட உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட வைத்தேன். ஃபீஸ் வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. மூன்று மாதத்தில் ஓர் உரக்கடையில் சேர்ந்தார். இன்று பல கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். ஜி.எஸ்.டி. சந்தேகம் வந்தால் நான்தான் அவருக்கு போன் செய்கிறேன்.

சமீபத்தில் அவரே அழைத்தார். "சார், பையனுக்கு போன்ல ஒரு படிப்பு ஆப் போட்டுக் குடுத்திருக்கோம். தினமும் ஸ்டார் அள்ளிட்டு வர்றான். என்னடா படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான். வருஷக் கட்டணம் கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?" என்றவர், சிரித்துக் கொண்டே, "அதுலயும் ஒரு கிளி கைதட்டுது சார்" என்றார்.

அவருக்குச் சொன்ன ஐந்து கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன். ஆப், வீடியோ கோர்ஸ், ஆன்லைன் டியூஷன் எதுவாக இருந்தாலும், இலவச சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்று: முடித்த பிறகு பிள்ளை என்ன செய்வான் என்று தெளிவாகச் சொல்கிறார்களா?

இரண்டு: பத்து நிமிடத்தில் எத்தனை முறை அவன் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது? பார்ப்பதும் தள்ளுவதும் கணக்கில் வராது.

மூன்று: வேண்டுமென்றே தவறான விடையைக் கொடுத்துப் பாருங்கள். ஏன் தவறு என்று சொல்கிறதா, சத்தம் மட்டும் போடுகிறதா? எல்லா விடைகளையும் வரிசையாகத் தொட்டால் முழு மதிப்பெண் கிடைக்கிறதா?

நான்கு: போன வாரம் படித்ததை இந்த வாரம் திரும்பக் கேட்கிறதா?

ஐந்து: போனை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுங்கள். ஸ்கிரீனில் செய்ததை இங்கே செய்கிறானா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்றால் முதல் நான்கையும் பார்க்க வேண்டியதில்லை. அவர் அன்று மாலையே பையனிடம் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார். கட்டணம் கட்டவில்லை. இப்போது அவரே வாரத்தில் மூன்று நாள் பவர்பாயிண்டில் ஐந்தைந்து கணக்குகள் போட்டுக் கொடுக்கிறார். தவறான விடைகளை எங்கிருந்து எடுக்கிறார் தெரியுமா? பையனின் பழைய நோட்டிலிருந்துதான்!

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நோட்டு இருக்குமே. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டி, சிவப்பு மை பட்ட இடங்களை மட்டும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். உங்கள் முதல் பாடம் தயார்.